மாப்பிள்ளைக்குப் பிடித்த சுவர்

எங்கள் கூடத்துச் சுவரில் காங்கிரீட் மாதிரி அச்சடித்த காகிதத்தை ஒட்டியவர் என் தாய்மாமா ஜம்புலிங்கம். வீட்டை அழகுபடுத்தும் ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வரப்போகிறவன் காங்கிரீட் கம்பெனியில் வேலை பார்க்கிறான், அவ்வளவுதான் காரணம். மீன் ஏற்றுமதி செய்கிறவன் வந்திருந்தால் சுவர் முழுக்க மீன் ஒட்டியிருப்பார். நல்லவேளை, பல் டாக்டர் வரன் போன வருஷமே தட்டிப்போய்விட்டது.

கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது எங்கள் வீடு. மழையில் ஏரி நிரம்பினால் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஓதம் ஏறிவிடும். இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, தொட்டால் மாவு மாதிரி கொட்டும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும், அதற்கப்புறம்தான் பூச வேண்டும் என்று கொத்தனார் எப்போதோ சொல்லிவிட்டார். அம்மா கேட்கவில்லை.

"கொத்திப் போட்ட சுவத்தப் பாத்தா இன்னாடி நெனைப்பாங்க? இவங்களுக்கு வக்கில்ல போலன்னு எழுந்து போயிடுவாங்க" என்பாள்.

அதனால் ஒவ்வொரு வரனுக்கும் ஒரு கோட்டிங். முதல் வரனுக்கு ரோஸ். அடுத்தவனுக்கு வெளிர்பச்சை. யாரோ வாஸ்து பார்க்கிறவர்கள் என்று தெரிந்து ஒரு தடவை மஞ்சள். பெயிண்ட் உரிகிற இடத்தில் பார்த்தால் என்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. வேலை கேட்டு வருகிறவர்கள் சொல்லும் பொய்யைப் பகல் முழுக்கச் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே சுவரே பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த முறை வந்த வரன் தமிழரசு. திருமழிசைப் பக்கம் ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் தரம் பார்க்கிற இன்ஜினியர். ஜாதகம் பொருந்தியதும் போனில் பேசிக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களே விட்டுவிட்டார்கள். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. மற்றவர்கள் போனில் என்ன படம் பிடிக்கும், சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். இவன் காங்கிரீட்டைப் பற்றிப் பேசினான். கலவையை ஒரு கூம்பில் நிரப்பித் தட்டிவிட்டுக் கூம்பைத் தூக்கினால், நல்ல கலவை ஓரளவுதான் அமுங்குமாம். தண்ணீர் ஜாஸ்தியானால் சாணி மாதிரி படுத்துவிடுமாம்.

"அப்படிப் படுத்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"பிளான்ட் கேட்லயே லாரியத் திருப்பி அனுப்பிடுவேன். போன வாரம்கூட ஒண்ண அனுப்பினேன். டிரைவர் கெஞ்சினார், சைட்லேர்ந்து போன் மேல போன். நான் முடியாதுன்னுட்டேன். நாளைக்கு அந்தக் கூரைக்கு அடியில யாராவது படுத்துத் தூங்கணும் இல்லையா?"

அதைக் கேட்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள். அவன் வந்து பார்த்துவிட்டுச் சரியென்றால் நானும் சரியென்று சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்கே கேசரி கிண்டிவிடுவாள்.

மாமாவுக்குச் சுவரொட்டித் தொழில். கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சி மாநாடு என்று அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் காலியாக ஒரு சுவரை விட்டுவைக்க மாட்டார். அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சுவரைப் பற்றி அம்மா புலம்பியதும், "அட இன்னாக்கா நீ, சுவத்துக்குப் போய் கவலப்பட்டுக்கினு. நான் எதுக்குக் கீறேன்? பேப்பர் ஒட்டிட்டா முடிஞ்சிச்சு" என்றார்.

பூந்தமல்லியில் அவருக்குத் தெரிந்த கடை ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் மெட்ரோ வேலை. நிஜக் காங்கிரீட்டின் தூசியைத் தின்றுகொண்டே பொய்க் காங்கிரீட் வாங்கப் போனோம். கடைக்காரர் ஆல்பத்தைப் புரட்டினார். மூங்கில் காடு, அருவி, ஓடுகிற குதிரைகள், செங்கல். சாம்பல் நிறப் பக்கம் வந்ததும் மாமா, "நிறுத்து நிறுத்து" என்றார்.

"மாப்ள காங்கிரீட் கம்பெனி. உள்ள வந்ததும் சுவத்தப் பாத்தாருன்னு வையி, அப்டியே மெர்சலாயிடுவாரு" என்றார் என்னிடம்.

அந்தக் காகிதத்தை உற்றுப் பார்த்தேன். சென்ட்ரிங் பலகை பதிந்த கோடுகள், போல்ட் பிடுங்கிய ஓட்டைகள், மெல்லிய விரிசல், ஓரத்தில் தண்ணீர் இறங்கின கறைகூட இருந்தது. சொந்த வீட்டில் இப்படி இருந்தால் கொத்தனாரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவோம். காகிதத்தில் அச்சடித்தால் டிசைன். நிஜக் கறையை மறைக்கக் கறை படம் வாங்கிக்கொண்டு போகிறோமே என்று எனக்கு அசிங்கமாக இருந்தது. வேண்டாம் மாமா, அருவியாவது ஒட்டலாம் என்றேன். அவர் ஏற்கெனவே சுருட்டித் தரச் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் அதற்கென்று ஒரு பசையும் கொடுத்தார். மாமா அதைத் தொடவே இல்லை. சுவரில் காகிதம் ஒட்ட அவருக்கே பசை விற்கப் பார்க்கிறானாம், ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எங்கள் அண்டாவிலேயே மைதாவைக் காய்ச்சினார். சுவரொட்டிப் பசையில் வழக்கமாக மயில்துத்தம் கலப்பார். அது போட்டால்தான் பசை புளிக்காது, பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். "ஊட்டுக்குள்ள விஷம் எதுக்குக்கா? பொண்ணு பாக்க வர்ற ஊடு" என்று கரிசனமாக அதை மட்டும் விட்டுவிட்டார். தெருச் சுவர் வெயிலில் காயும். எங்கள் சுவர் உள்ளேயிருந்து ஊறிக்கொண்டே இருந்தது. அதன்மேல் விஷமில்லாத மைதா கஞ்சியை நாலு விரல் கனத்துக்கு அப்பி, மேலே காகிதத்தைப் போர்த்தினார்.

முதல் நாள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு நாகம்மா அக்கா வந்து தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "பணக்காரக் களை வந்துட்ச்சே வசந்தா" என்றாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பணம் இருப்பவர்கள் வீடு மட்டும் ஏன் பூசாத மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் வாசனை ஆரம்பித்தது.

முதலில் லேசான புளிப்பு. அம்மா மாவுப் பாத்திரத்தைக் கழுவினாள். மறுநாள் பழைய கஞ்சியில் நாய் படுத்து எழுந்த மாதிரி. அம்மா நாய் எதுவும் உள்ளே வந்ததா என்று கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மூன்றாம் நாள் சுவரில் காது வைத்தேன். உள்ளே சரசரவென்று சத்தம். கரப்பான்கள் காகிதத்துக்குப் பின்னால் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டன. மாமாவின் மைதா விருந்து அக்கம்பக்கமெல்லாம் தெரிந்துவிட்டது போல, சாக்கடையிலிருந்து சுற்றத்தோடு வந்திருந்தன. காகிதம் அங்கங்கே மூச்சு விடுகிற மாதிரி அசைந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

"கிழிச்சு எறிஞ்சிடலாம்மா" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வராங்கடி. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

"அவங்களுக்கு மூக்கு இல்லையா?"

"பொண்ணு பாக்க வர்றவங்க மூக்கால பாக்க மாட்டாங்க" என்றாள் அம்மா.

நானும் அதற்குமேல் பேசவில்லை. எனக்கு அவன் வரவேண்டியிருந்தது. அவன் வந்து இந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தால் போதும், அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுசுக்கும் நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கலாம் என்று ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியற்காலையிலேயே பினாயில் ஊற்றித் துடைத்தாள். சாம்பிராணி போட்டாள். அது போதாதென்று கார் கண்ணாடியில் தொங்கவிடுகிற எலுமிச்சை வாசனை அட்டையை மாமா கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் மாட்டினார். என் தலையில் ரெண்டு முழம் மல்லி. அடுப்பில் நெய். எல்லாம் சேர்ந்து அந்தப் புளித்த நாற்றத்தின்மேல் ஏறி உட்கார்ந்தபோது, நாற்றத்துக்கு நகை போட்டு அலங்காரம் செய்த மாதிரி இருந்தது. பட்டுப் புடவையோடு பின்கட்டுக்குப் போய் நின்று மூச்சு வாங்கினேன்.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தமிழரசு, அவன் அம்மா அன்னம்மாள், ஒரு சித்தப்பா. வாசலைத் தாண்டியதும் அன்னம்மாளின் மூக்கு ஒரு கணம் விடைத்தது. உடனே முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூக்கை மூடிக்கொண்டு, "வீடு நல்லா குளுகுளுன்னு இருக்கே" என்றாள். சித்தப்பா பஜ்ஜியில் இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் சுவர் மெல்ல அசைந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு குட்டிக் கரப்பான் வந்து மீசையை ஆட்டியது. அவர் அதைக் கைக்குட்டையால் தள்ளிவிட்டுவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தார். அதைப் பார்த்த ஆறு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். நானும்தான்.

நான் காபி கொடுத்தேன். தமிழரசு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். போட்டோவைவிட நன்றாகவே இருந்தான். மாமாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மாப்ளே, நம்ப ஊட்டு காங்கிரீட் எப்டி கீது? உங்க கம்பெனி சரக்கு மாரி கீதா, இல்லியா? நீங்களே செக் பண்ணிச் சொல்லுங்க."

தமிழரசு எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனான். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். தினம் நூறு தடவை செய்கிறவன் மாதிரி ஆள்காட்டி விரலால் சுவரை அழுத்தினான். காகிதம் பொதக்கென்று உள்ளே போனது. விரல் இருந்த இடத்திலிருந்து பழுப்பாக ஒரு நீர் கசிந்து கோடாக இறங்கியது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கைக்குட்டையில் துடைத்தான். பின்னால் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"சூப்பரா இருக்கு மாமா. ஒரிஜினல் தோத்துடும்" என்றான்.

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேசரி எப்படி இருக்கு தம்பி என்றாள். சூப்பரா இருக்கு அத்தை என்றான். அன்னம்மாள் அவன் பக்கம் சாய்ந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னப்பா, பொண்ணப் பிடிச்சிருக்கா?" என்றாள்.

"சூப்பரா இருக்காங்கம்மா."

அதே வார்த்தை, அதே குரல். கேசரிக்கும் ஓதச் சுவருக்கும் கொடுத்த சர்ட்டிபிகேட்டையே எனக்கும் நீட்டினான்.

தனியாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அங்கே காற்று சுத்தமாக இருந்தது. அவன் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டான்.

"விரல்ல என்ன ஒட்டுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லையே."

"கைக்குட்டையில துடைச்சீங்களே."

அவன் சிரித்தான். "பாத்துட்டீங்களா? பசை. ஈரச் சுவர்ல ஒட்டியிருக்காங்க. உள்ள மொத்தமா அழுகிடுச்சு. நாலு நாள்ல தானா விழுந்துடும்."

"அப்ப ஏன் சூப்பர்னு சொன்னீங்க?"

"கேட்டா அப்படித்தானேங்க சொல்லணும்? பொண்ணு பாக்க வந்த எடத்துல குத்தமா சொல்லுவாங்க? கார்லயே அம்மா சொல்லிட்டாங்க, எதக் கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லிடுன்னு."

"கேசரி?"

"நெய் காறல்."

"நான்?"

"அய்யோ, அது நிஜமா சொன்னது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவன்மேல் எனக்கு அப்போதும் முழுசாக வெறுப்பு வரவில்லை. கூச்சமாக இருக்கலாம், மரியாதையாக இருக்கலாம். எத்தனை பேர் இப்படித்தான். அதனால்தான் அதைக் கேட்டேன்.

"அந்த லாரியாவது நிஜமா?"

"எந்த லாரி?"

"நீங்க திருப்பி அனுப்பினது."

அவன் ஏரிப் பக்கம் பார்த்தான். "திருப்பி அனுப்பணும்னுதான் சொன்னேன். மேனேஜர் ஒத்துக்கல. அன்னிக்கு ஸ்லாப் போட ஆளுங்க எல்லாம் காத்துக்கிட்டிருந்தாங்க. கடைசியில ஓகேன்னு கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் போடறதுதான். ஒண்ணும் ஆகாது."

"எங்க இறக்கினாங்க?"

"எங்கேயோ ஒரு அப்பார்ட்மென்ட். நான் அதையெல்லாம் கேட்டுக்கிறதில்ல."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கீழே சுவருக்குப் பின்னால் ஊர்ந்தது எல்லாம் என் புடவைக்குள் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. போனில் அவன் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட நாட்களை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருந்தது. யாராவது படுத்துத் தூங்குவார்களே என்று சொன்னதும் இவன்தான். கையெழுத்துப் போட்டதும் இவன்தான். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து அதை என் முன்னால் ஒட்டிக் காட்டியிருக்கிறான். நானும் நாகம்மா அக்கா மாதிரி தட்டிப் பார்த்துவிட்டு, அம்மா மாதிரி பல்லைக் காட்டியிருக்கிறேன்.

நான் முதலில் இறங்கினேன். அவன் பின்னால் வந்தான். கூடத்தில் தட்டு மாற்றத் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா மடியில் காலண்டர்.

"எல்லாரும் காலத் தூக்கிக்குங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் சுவரோரம் போய்க் காகிதத்தின் மேல்முனையைப் பிடித்து இழுத்தேன். பலமே தேவைப்படவில்லை. ஈரத் துணி மாதிரி மொத்தமாகச் சரிந்தது. பின்னால் சுவர் கறுப்பும் பச்சையுமாக, மைதா நூல் நூலாகத் தொங்க, இடுப்பு உயரத்துக்கு நெளிந்துகொண்டிருந்தது. நாற்றம் ஒரு ஆள் மாதிரி எழுந்து கூடத்துக்குள் வந்தது. கரப்பான்கள் நாலாபக்கமும் சிதறி ஓடின. அன்னம்மாள் சோபாமேல் ஏறி நின்றாள். சித்தப்பா முதல் தடவையாகத் தட்டைக் கீழே வைத்தார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் தமிழரசுவைப் பார்த்தேன். அவன் இப்போதாவது ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசு மாறியிருக்கும்.

"இப்ப சொல்லுங்க. சுவர் எப்படி இருக்கு?"

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். வழக்கமான அந்தச் சிரிப்பு முகத்தில் வந்தது.

"லேசா ஈரம், அவ்வளவுதான். வெயில் பட்டா சரியாயிடும்" என்றான்.

"மாமா, இவங்க வண்டிய திருப்பி நிறுத்தச் சொல்லுங்க. கெளம்பறாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் நினைக்கிறபடிதான். அன்னம்மாள் செருப்பை உதறி உதறிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டு, பொண்ணுக்கு வாய் நீளம் என்று தெருவில் நின்று சொன்னாள். மாமா என்னோடு பேசவில்லை. அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அழுதது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரண்டியால் அந்த மைதாவைச் சுரண்டிச் சுரண்டி வாளியில் போட்டேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மைதாவோடு மஞ்சளும் வெளிர்பச்சையும் ரோஸும் உரிந்து வந்தன. அதற்கடியில் நிஜ சிமென்ட் தெரிந்தது. அதிலும் ஓதம்தான், ஆனால் அது யாரையும் ஏமாற்றவில்லை.

இப்போது மாசி மாசம். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கொத்தனார் வந்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சைக் கொத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறோம். நேற்று மாமா ரோஷத்தை மறந்துவிட்டு வந்தார். ஆவடியில் ஒரு பையனாம், அடுத்த வாரம் வருகிறார்களாம். கொத்தின சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா கிருஷ்ணப்பிரியா, இத்த வச்சுகினு எப்டி? ஒரு ஸ்கிரீன் துணியாவது கட்டலாம்மா. வர்றவங்க மூஞ்சி சுளிச்சா இன்னா பண்றது?"

அம்மா என்னைப் பார்த்தாள். துணி எடுக்க எழுந்திருக்கவில்லை.

"சுளிக்கட்டும் மாமா. சுளிக்கிறவன் வந்தா, அவன மட்டும் மாடிக்கு அனுப்புங்க, பேசறேன்" என்றேன்.